ரிப்பேருக்குப் போன ஃபேன்

எனக்கு லேசில் யாரையும் நம்ப வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்த வேலை அப்படி. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், கேஷுவாலிட்டியில் நர்ஸாக இருந்தவள் நான். அங்கே வந்து நிற்கிற ஆட்டோவில் நோயாளி ஒரு பக்கம் இறங்கினால் பொய் இன்னொரு பக்கம் இறங்கும். பூச்சி மருந்து வாடை மூக்கைத் துளைக்கும்போதே கூட வந்த மாமியார், "நாஸ்தா ஒத்துக்கல சிஸ்டர்" என்பாள். மண்டை உடைந்தவனைத் தூக்கி வந்தவன், "மாடிப்படில உருண்டுட்டான்" என்பான். "உங்க வூட்டுல மாடி கீதா?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். இப்படியே கேட்டுக் கேட்டு, என் வீட்டில் யாராவது காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட ஏன் சொல்கிறார்கள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்டவள் பெற்ற ஒரே பிள்ளை, பொத்தேரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கேசட்டோடு வீட்டுக்கு வந்தான். தொண்ணூறுகளின் முன்பாதி அது. தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவன், ஹாஸ்டல் பையன் ஒருவனிடம் பதிவு பண்ணி வாங்கி வந்திருந்தான். டேப் ரெக்கார்டரில் போட்டான். மிக்ஸியில் கொட்டாங்கச்சியைப் போட்டு ஓட்டினதுபோல ஒரு சத்தம். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன்மா?"

"ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சுடா. காது கேக்கலையா உனக்கு?"

"கிழியல. பாட்டே அப்படித்தான்."

பாட்டே அப்படித்தானாம்! கிரஞ்ச் என்று பெயர் சொன்னான். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அழுக்கு என்று அர்த்தமாம். அமெரிக்காவில் சியாட்டில் என்று ஓர் ஊராம், எந்நேரமும் மழையாம், அங்கே குளிருக்குத் தடிச் சட்டை போட்ட பையன்கள் கார் ஷெட்டில் நின்று பாடியதாம். காசு கொடுத்து யாராவது அழுக்கைப் பதிவு பண்ணி வாங்குவார்களா? இதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் பட்டுவிட்டது.

அவன் காலேஜுக்குப் போனதும் ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். வார்த்தை ஒன்றும் புரியாது. சத்தத்தை வைத்தே அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு குழு தாலாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பித்து, நாம் அசந்த நேரம் பார்த்து வீல் என்று கத்தும். இன்னொன்றில் இரண்டு ஆண்கள் சேர்ந்தே இழுத்து இழுத்துப் பாடுவார்கள், வயிற்றுவலிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் முனகுகிற மாதிரி. ஒருத்தனுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். பெண்களே வாசிக்கிற ஒரு குழுவும் இருந்தது. அதுகள் போட்ட கூச்சலில் பிரசவ வார்டே தோற்றது. எதிலும் சந்தோஷமாக ஒரு பாட்டு இல்லை. நம் பாட்டில் சோகம் வந்தால் அடுத்து ஒரு குத்துப்பாட்டு வரும். இவர்கள் கேசட்டின் இரண்டு பக்கமும் அழுதார்கள்.

அதற்கப்புறம்தான் சட்டை வந்தது. கட்டம் போட்ட, கம்பளி மாதிரி தடித்த முழுக்கைச் சட்டை. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில், தார் உருகுகிற செங்கல்பட்டில், என் பிள்ளை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தான். முழுக்கையை யார் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொள்கிற பையன்கள் போடுவார்கள். எங்கள் வார்டில் அப்படிப்பட்டவர்களின் கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தூங்கும்போது சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளினேன். நரம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போய், கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தன. உள்ளங்கையில் குறுக்கே தோல் உரிந்து ஆறின பழைய தழும்பு வேறு. நுனிவிரலில் சுட்டிருந்தால் எதையோ கொளுத்திப் பிடிக்கிறான். உள்ளங்கையில் உரிந்திருந்தால் எவனோடோ அடிதடி. நான் முடிவே பண்ணிவிட்டேன். எழுந்ததும் கேட்டேன்.

"கையில என்னடா?"

"பஸ்ல கம்பியப் பிடிச்சுட்டு வந்தேன்மா."

"நீ போறது ரயில்லடா."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அவன் பையைத் துழாவினேன். ஒரு சின்ன டப்பாவில் வெள்ளைப் பொடி! ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து எங்கள் லேபுக்கே எடுத்துப் போனேன். லேபில் இருந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது மூஞ்சில போடற பவுடர். லீவு போட்டுட்டு ரெண்டு நாள் தூங்குங்க" என்றார். ஒரு பையன் முகப் பவுடரை எதற்கு ஒளித்து வைப்பான் என்று எனக்கு அதிலும் சந்தேகம்தான் அதிகமாயிற்று.

கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆபீஸ் பஸ்ஸில் இறங்கி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "வயசுப் பையன். முடி வளக்கறான், பாட்டு கேக்கறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்டி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை.

அடுத்த வருஷக் கோடையில் அந்த நாள் வந்தது. ஆங்கிலப் பேப்பரின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு படம். என் பிள்ளை அறைச் சுவரில் ஒட்டியிருந்த முகம், கண் மேல் மயிர் விழுந்த அதே முகம். மெதுவாக ஆரம்பித்து வீல் என்று கத்துகிற அந்தக் குழுவில் பாடுகிறவன். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டானாம். வயதைப் பார்த்தேன். சின்னப் பையன்.

என் பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோனான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டான். கேஷுவாலிட்டியில் வேலை பார்ப்பவளுக்குச் சாத்தின கதவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். காலையில் கதவை உடைத்தோம் என்று சொல்லித் தூக்கி வருகிற அப்பன்களின் முகத்தைப் பார்த்தவள் நான். அவர்கள் சொல்லும்போது எல்லாரும் ஒருமுறை மேலே பார்ப்பார்கள், எங்கள் வார்டுக் கூரையில் ஓடுகிற ஃபேனை.

அவன் காலேஜுக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "அவன் ரூம் ஃபேனைக் கழட்டுங்க."

"ஏன்? நல்லாத்தானே ஓடுது?"

"காயில் போயிடுச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து ஏணி வாங்கி வந்தார். கழற்றின ஃபேனைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டோம். கதவுத் தாழ்ப்பாளையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். ஒரு மேஜை ஃபேனைக் கொண்டு வைத்தேன். அது திரும்புகிற பக்கம் மட்டும் காற்று வரும், மற்ற நேரம் வேகும். சாயங்காலம் வந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"ஃபேன் எங்கம்மா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

எப்போது வரும் என்று அவன் கேட்கவில்லை. அந்த வெயிலிலும் கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமல்லபுரம் பக்கம் போகிறேன் என்று கிளம்புவான். கேட்டால் "ஃபிரெண்ட்ஸ்" என்பான். அங்கே வெள்ளைக்காரர்கள் வருவார்கள், கஞ்சா கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். ஒரு ஞாயிறு நானும் கிளம்பினேன். அவன் ஏறின பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில், முக்காடு போட்டுக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கே பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றான். நான் இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றேன். வடக்கே போகிற பஸ்ஸில் அவன் முன்வாசலில் ஏறினான், நான் பின்வாசலில் ஏறினேன். கூட்டம் என்னை மறைத்துக்கொண்டது. திருவிடந்தை தாண்டுவதற்குள் ஒரு மீனவக் குப்பத்துப் பக்கம் இறங்கினான். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பி வந்தேன்.

மணலில் கால் புதையப் புதையப் போனால், ஐஸ் உடைக்கிற மிஷின் வைத்த ஒரு தகரக் கொட்டகை. உள்ளிருந்து அந்த அழுக்குச் சத்தம் வருகிறது. கேசட் இல்லை, நேரிலேயே. வாசலில் ஒரு அம்மாள் அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். என் வயது இருக்கும். மீன் வியாபாரி, கொட்டகைக்கும் அவள்தான் சொந்தக்காரி என்று அப்புறம் தெரிந்தது.

"இன்னாம்மா, யாரத் தேடிக்கினு கீற?"

"சும்மாதான். மீன் வாங்கலாம்னு."

"கைப்பைய மாட்டிக்கினு, மொட்ட வெயில்ல, முக்காடு போட்டுக்கினு மீன் வாங்க வந்தியா?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த ஒல்லிப் பையனோட அம்மாதானே நீ? மூக்கு அப்டியே கீது."

அடேயப்பா, எனக்கு மேலே ஒருத்தி! பொய் சொல்ல வாய் வரவில்லை. தகரத்தில் இருந்த ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். நாலு பையன்கள். என் பிள்ளை கழுத்தில் கிட்டார். இடது கை விரல் நுனி கம்பியில் அழுந்தி அழுந்தி நகர்ந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் டப்பாவைத் திறந்து, பொடியை உள்ளங்கையில் தட்டி, இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டான். கடற்காற்றில் கை பிசுபிசுக்கிறதற்காக. முகப் பவுடர்! நான் லேப் வரை தூக்கிக்கொண்டு ஓடின பவுடர்!

ஆனாலும் அந்தத் தழும்பு மிச்சம் இருந்தது. கிட்டார் வாசித்தால் உள்ளங்கை உரியாது. "எவ்ளோ நாளா இங்க வரான்?" என்று கேட்டேன்.

"அது ஆச்சு, ஒரு வருசத்துக்கு மேல. மொத தபா வந்தப்போ கிட்டாரும் இல்ல, கூட்டாளியும் இல்ல. தனியா வந்தான். தண்ணி ஓரமா நின்னுக்கினே இருந்தான். குளிக்கல, காத்து வாங்கல. செருப்ப மட்டும் கழட்டி, ஜோடி சேத்து, ஒழுங்கா வெச்சிருந்தான். கடல் பாக்க வர்றவன் செருப்ப ஒதறிட்டு ஓடுவான்மா. ஜோடி சேத்து வெக்க மாட்டான்."

வீட்டில் எந்த நாளும் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்காதவன் அவன்.

"நீ என்ன கேட்டே அவனை?"

"நான் இன்னாத்துக்குக் கேக்கறேன்? கேட்டா பொய்தான் சொல்வான். தண்ணிய மொறச்சிக்கினு தனியா நிக்கறவன எங்க ஜனம் ஏன் எதுக்குன்னு கேக்காது. கயித்த கைல குடுத்துடும். அன்னிக்குக் கரவல இழுத்துக்கினு இருந்தாங்க. தம்பி, ஒரு கை கொறயுது, வந்து புடின்னேன். வந்தான். கயித்த வுட்டுட்டு எவனும் போவ மாட்டான், பின்னாடி இழுக்கறவன் வுழுந்துடுவான்ல? வல கர ஏற்ற வரிக்கும் இழுத்தான். பழக்கம் இல்லாத கை, தோலு உரிஞ்சி ரத்தம். அப்பறம் சோறு போட்டேன். குனிஞ்ச தல நிமிராம துண்ணான். ஏதோ பரிட்சைல பூட்டுதாம், வூட்ல சொல்ல பயமாம். அடுத்த வாரமும் வந்தான். அப்பால ஒரு நாளு, இங்க பாட்டு வாசிக்கலாமான்னு கேட்டான். கூட்டாளிங்க ஹாஸ்டல்ல வுட மாட்றாங்களாம். எங்க மிஷின் சத்தத்துக்கு இது இன்னா பெரிசு, வாசின்னுட்டேன்."

மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் என்ன கணக்குப் போட்டிருந்தேன்? பாட்டு வந்தது, அதனால் பிள்ளை கெட்டான் என்று. பாட்டு வருவதற்கு முன்னாலேயே அவன் தண்ணீர் ஓரத்தில் நின்றிருக்கிறான். அப்போது அவன் முடி ஒட்ட வெட்டியிருந்தது, அரைக்கைச் சட்டை போட்டிருந்தான், வீட்டில் சத்தமே இல்லை. நல்ல பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை.

ஆனாலும் பிறவிக்குணம் போகுமா? "என் பிள்ளைக்கு நீ எதுக்குச் சோறு போடறே?" என்று கேட்டேவிட்டேன்.

"உனுக்கு இன்னா பேஜாரு? பசிச்ச புள்ள துண்ணுட்டுப் போவுது" என்றவள், கூடைக்கடியிலிருந்து நாலு சங்கரா மீனை எடுத்து மந்தார இலையில் சுற்றினாள். "வூட்டுக்குப் போ. நீ வந்தத நான் சொல்ல மாட்டேன். நீயும் மூச்சு வுடாத."

உள்ளே என் பிள்ளை ஏதோ தப்பாக வாசித்துவிட்டான் போல, எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு தனியாகக் கேட்டது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பஸ் வரை நடந்தேன்.

அன்று சாயங்காலம் அவன் தட்டில் மீன் குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவன் நிமிர்ந்தான்.

"எங்கம்மா வாங்கின?"

"மார்க்கெட்ல."

"இது மார்க்கெட் மீன் இல்லம்மா."

"உனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? தின்னு." கரண்டியைக் குழம்புச் சட்டியில் விட்டுத் துழாவிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "பரிச்சைல போச்சுன்னா போவட்டும். மறுபடி எழுதிக்கலாம். அதுக்காக யாரும் உன்ன வீட்ட விட்டுத் துரத்திட மாட்டோம்."

தட்டில் கை நின்றது.

"மூணு பேப்பர்மா."

"மூணா?"

"ம்."

"கழுதை. சாப்பிடு."

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். போட்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஃபேனை மாட்டவில்லை. மூன்று பேப்பரும் பாஸ் பண்ணினான், அப்போதும் மாட்டவில்லை. பழைய மாமல்லபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, அங்கேயே ரூம் எடுத்துப் போனான். மற்ற மூவரும் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனார்கள், குழு கலைந்தது. சுனாமி வந்தபோது அவன் முதலில் ஓடினது அந்தக் குப்பத்துக்குத்தான். கொட்டகை போய்விட்டிருந்தது. அந்த அம்மாள் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். அவன் ஃபோனில் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கும்தான்.

அந்தக் காலத்துக் குழுக்களில் வேறொருத்தனும் செத்துப்போனான் என்று இடையில் ஒருநாள் பேப்பரில் படித்தேன். இழுத்து இழுத்துப் பாடினவர்களில் ஒருவன். உடனே பிள்ளைக்கு ஃபோன் போட்டேன்.

"சாப்டியாடா?"

"சாப்ட்டேன்மா. பேப்பர் பாத்துட்டியா?"

"எந்தப் பேப்பரு? சும்மாதான் கேட்டேன்."

"சரிம்மா" என்றான். மத்தியானம் அவனே கூப்பிட்டு, "இப்பவும் சாப்ட்டேன்" என்றான். ராத்திரியும் சொன்னான்.

கல்யாணம் ஆகி முதல் தடவை மனைவியோடு வந்து தங்கினபோது, அவனுடைய பழைய அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தேன். மருமகள் அண்ணாந்து பார்த்தாள். கொக்கி மட்டும் துருப்பிடித்துத் தொங்கியது.

"இந்த ரூம்ல ஏன் ஃபேனே இல்ல அத்தை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். "ரிப்பேருக்குப் போயிருக்கு."

சொல்லிவிட்டு நேரே பரணில் ஏறினான். எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. புடவைச் சுருணையோடு இறங்கி, தரையில் வைத்துப் பிரித்தான். தூசியைத் துடைத்தான். இறக்கைகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். அப்புறம் என்னிடம் வந்து நின்றான்.

"இப்ப மாட்டலாமாம்மா?"

எத்தனை பொய்யைக் கேட்டவள் நான், எனக்கு ஒரு பொய் கிடைக்கவில்லை. "உனக்கு எப்படா தெரியும்?" என்றேன்.

"நீ கழட்டின அன்னைக்கே. அதான் கேக்கல. எனக்கு வேர்த்துச்சு, ஆனா நீ தூங்கினே."

அவன் கண்ணைப் பார்த்தேன். வார்டில் பார்ப்பதுபோல ஒரு கண்ணை, அப்புறம் மறு கண்ணை. அவன் முகத்தைத் திருப்பவில்லை. "நல்லா பாத்துக்கோ" என்று குனிந்து காட்டினான்.

"மாட்டு" என்றேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறினான். மருமகள், "நான் பிடிச்சுக்கறேன் அத்தை" என்று வந்தாள். "நீ போய் மெயின ஆஃப் பண்ணு" என்று விரட்டினேன். ஸ்டூலை நான் பிடிக்கவில்லை. அவன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேலே ஸ்குரு திருகுகிற சத்தம் நின்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டதும் மருமகள் மெயினைப் போட்டாள். ஃபேன் ஒருமுறை முக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"முடிஞ்சுதும்மா, விடு. இறங்கணும்."

"கொஞ்சம் இரு" என்றேன்.